கண்டறியாத ஜப்பான் பாட்டு

பாட்டுப் பாடுகிறவளுக்குத் தொண்டை என்று ஒன்று வேண்டும். அந்த ஜப்பான் பெட்டைகள் இருவருக்கும் அது கிடையாது. மூக்கால் பாடினார்கள், அதுவும் தடிமன் பிடித்த மூக்கால். ஒருத்திக்குக் கழுத்தோடு வெட்டிய மயிர், மற்றவளுக்கு இடுப்புவரை கூந்தல். மற்றபடி இருவருக்கும் ஒரே சட்டை, ஒரே காலுறை, தலையில் ஆளுக்கொரு பெரிய நாடா முடிச்சு. கலியாணம் பேசுகிற வயதில் இருந்த குமர்ப்பிள்ளைகள், பாலர் வகுப்புப் பிள்ளைகள்போலக் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு துள்ளினார்கள். அதைப் பார்க்க மண்டபம் நிரம்பச் சனம். பாதிப்பேர் தொப்பை வைத்த ஆம்பிளைகள். கையில் ஒளிரும் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் சாமி வெளியே வந்துவிட்டதுபோல நின்றார்கள். வேலை வெட்டி இல்லாத நாடு போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான், ஊரில் எங்கள் ஆட்கள் ஓட்டிய மோட்டார் சைக்கிள் முழுக்க அங்கே செய்தது என்பது ஞாபகம் வந்தது.

இந்தக் கூத்தை நான் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. அதுவாக என் வீட்டுக்குள் வந்து குந்தியது. பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு சேலைக்கடையின் பின்னறையில் நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு ஒரு பிரெஞ்சு உணவகத்தில் குசினி வேலை. கடையிலிருந்து நான்கு கட்டடம் தள்ளி மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் நானும் அவரும் மகளும். பள்ளிக்கூடப் பாடத்துக்கு வேண்டும் என்று மகள் மூக்கைச் சிந்தி வாங்கிய கணினி கூடத்தில் இருந்தது. அதில் பாடம் நடந்ததை நான் ஒருநாளும் காணவில்லை. ஜப்பான் பாட்டுத்தான் நடந்தது.

"உந்தக் கண்டறியாத பாட்டிலை என்னதான் சொல்லுகினம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

மகள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள், இருவருக்கும் விளங்கும், இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அன்றைக்கு வெகு பக்தியாக விளக்கினாள். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேக் இருக்கிறதாம். ஒருத்தி சாப்பிடலாம் என்கிறாளாம். மற்றவள் உடம்பு வைத்துவிடும் என்கிறாளாம். இப்படியே கொஞ்ச நேரம் இழுபட்டு, கடைசியில் பாதிப் பாதியாகச் சாப்பிடுகிறார்களாம்.

"அவ்வளவுதானோ?"

அவ்வளவுதான் என்றாள். நான்கு நிமிடம் இதைத்தான் பாடியிருக்கிறார்கள். கேக் இருந்தால் வெட்டித் தின்றுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு மேளதாளம் என்று கேட்டேன். மகள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

அந்தச் சனியன் எங்கள் வீட்டுக்கு வந்தது 2009இல். எதற்கும் ஒரு நேரம் காலம் இருக்கிறது அல்லவா? அந்த வருடம் லா சப்பலில் யாரும் சிரித்து நான் காணவில்லை. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. கடைகளைப் பூட்டிவிட்டு, சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் பாரிஸ் தெருவில் போய்க் குந்தியிருந்தோம், மழைக்குப் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, நாட்கணக்காக. அங்கேதான் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து இருந்தார். பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருந்து வருகிறவர். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அவருக்கும் என் மகளின் வயதில், ஒன்பது வயதில், ஒரு மகள். தாய்மார் இருவரும் குரல் அடைக்கும்வரை கத்திக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரண்டும் பின்னால் ஒரு மரத்தடியில், ஒரே காதுக்கருவியை ஆளுக்கொரு பக்கமாக மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன கேட்கிறார்கள் என்று பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். கேக் பாட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேருக்கும் முதுகில் வைத்திருப்பேன்.

"அங்கை உங்கடை வயசுப் பிள்ளையள் சாகுதுகள், நீங்கள் இஞ்சை இருந்து துள்ளுறியளோ?"

அந்தத் தாய்தான் என் கையைப் பிடித்தார். "விடுங்கோ. மூண்டு நாளா உந்தப் பிஸ்கட்டைத் திண்டுகொண்டு சத்தம் போடாமல் இருக்குதுகள். பாட்டாவது கேக்கட்டும்."

அப்படித்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் சிநேகிதம் ஆனார்கள். நானும் அவரும் பேச்சுப் பழக்கம் ஆனோம். எத்தனையோ முகம் தெரியாத ஆட்களோடு அங்கே ஒரே பாயில் இருந்தோம். யாரும் யாரையும் ஒன்றும் விசாரிக்கவில்லை. அழுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தது. கடைகள் திறந்தன, அழுதவர்கள் வேலைக்குப் போனார்கள். பாட்டு மட்டும் போகவில்லை. சனிக்கிழமை தவறாமல் அந்தப் பிள்ளை வில்லியே லே பெல்லில் இருந்து தாயோடு ரயிலேறி கார் து நோர்ட் நிலையத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தாய் கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்குவார். பிள்ளை நேரே குசினிக்குள் வந்து சட்டியின் மூடியைத் திறப்பாள்.

"அன்ரி, இண்டைக்கு என்ன கறி?"

நான் பெற்றது புட்டைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாஸ்தா கேட்கும். இந்தப் பிள்ளை புட்டுக்கு மேலே மீன்குழம்பை விட்டுக் குழைத்து, விரலைச் சூப்பிச் சாப்பிடுவாள். தமிழும் வடிவாகக் கதைப்பாள். எனக்கு அவளில் உண்மையாகவே விருப்பம். இதை இங்கே எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

சாப்பிட்டு முடிய மேசை கதிரை எல்லாம் சுவரோரம் போகும். ஆட்டம் தொடங்கும். கீழ் வீட்டுப் பிரெஞ்சுக் கிழவி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். அந்த இடியும் தாளத்துக்குள் சேர்ந்துவிடும், அது வேறு. அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒருத்தி பாட மற்றவள் பதில் பாடுவாள். கட்டைமயிர்க்காரியின் வரிகளுக்கு என் மகள் ஆடுவாள், நீளமயிர்க்காரியின் வரிகளுக்கு அவள். மகளுக்கு இடது பக்கம், அவளுக்கு வலது பக்கம். இடையிடையே இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஒருத்தி மட்டும் ஆடினால் அது ஆட்டமே இல்லை, யாரோ சுவரோடு கதைக்கிறமாதிரி இருக்கும். இதற்கா இவ்வளவு பயிற்சி என்று மூன்று வருடமாக நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பரதம் பழகக்கூடாதா, ஒரு வயலின் பழகக்கூடாதா, எங்கள் பெட்டைகளுக்கு ஏன் இந்தச் சீனச் சேட்டை என்று கேட்பேன். சீனம் இல்லை, ஜப்பான் என்று இருவரும் ஒரே குரலில் திருத்துவார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்பேன்.

2012 தொடக்கத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு கிழமையில், மகள் பெரியபிள்ளை ஆனாள். அதற்கான சடங்கை, சாமத்தியவீட்டை, ஜூலைக்கு வைத்தோம். ஏன் ஆறு மாதம் பிந்தி என்று ஊரில் உள்ளவர்கள் கேட்கக்கூடும். பாரிஸில் பிள்ளை எப்போது பெரியபிள்ளை ஆகிறது என்பது முக்கியமில்லை. மண்டபம் எப்போது கிடைக்கிறது, வீடியோக்காரருக்கு எப்போது நாள் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்தச் சாமத்தியவீடுகளைப் பற்றி எனக்குத் தெரியாததா? வருடம் முழுக்க அந்தத் தாய்மாருக்குத்தானே பிளவுஸ் தைத்தேன். ஒருத்தி மகளைச் சிப்பிக்குள் வைத்து மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி அன்னத்தில் வைத்தாள். மூன்றாமவளின் பிள்ளை வீடியோவில் ஹெலிகொப்டரில் வந்து ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் இறங்கியது, கீழே நின்ற தகப்பன் தலையில் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்களுக்குப் பெரிய பிளவுஸும் சிறிய மூளையும் என்று கடையில் நாங்கள் சிரிப்போம். அப்படிச் சிரித்த நானும் ஓல்னேயில் மண்டபம் எடுத்தேன், கார்ட் அடித்தேன், நானூறு பேருக்குச் சொன்னேன். சிப்பியும் அன்னமும் வேண்டாம், பல்லக்குப் போதும் என்று முடிவெடுத்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மகள் மாட்டேன் என்றாள். என் உடம்பில் நடந்த ஒன்றை நானூறு பேருக்கு ஏன் கார்ட் அடித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். நான் பதிலுக்குக் கத்தினேன். இரண்டு கிழமை வீட்டில் ஒருவரோடொருவர் பேச்சில்லை. கணவர் இருவருக்கும் நடுவில் உப்பையும் மிளகாய்த்தூளையும் கடத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் மகள் என் தையல் மெசினுக்கு முன்னால் வந்து நின்றாள். அவளும் சிநேகிதியும் மேடையில் அந்த ஜப்பான் பாட்டுக்கு ஆட வேண்டும். பூவும் பழமும் வைத்த தட்டுப் பிடித்து வருகிற பிள்ளைகளில் சிநேகிதி முன்னுக்கு வர வேண்டும். இது இரண்டும் நடந்தால் சேலை கட்டுவாளாம், நகை போடுவாளாம், வீடியோக்காரர் சொல்கிற இடத்தில் எல்லாம் சிரிப்பாளாம்.

"சரி" என்றேன்.

"சத்தியமா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

"சத்தியமா."

அதற்குப் பிறகு பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லை. சொன்ன கடைக்கு வந்தாள், சொன்ன நகையைப் போட்டுப் பார்த்தாள். நான் மஞ்சள் துணியில், அந்த ஜப்பான்காரிகள் போடுகிற மாதிரி, அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்து இரண்டு சட்டை தைத்தேன். இருபது வருடம் பிளவுஸ் தைத்த கைக்கு இது ஒரு வேலையா? ஆனாலும் பார்த்துப் பார்த்துத்தான் தைத்தேன். சிநேகிதிப் பிள்ளை தன்னுடையதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தாயிடம் காட்டவென்று பைக்குள் மடித்து வைத்து எடுத்துப் போனாள்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்க, ஜெர்மனியில் இருந்து மச்சாள் வந்தார். என் கணவரின் ஒரே அக்கா, என் மகளுக்கு மாமி. எங்கள் வழக்கத்தில் மாமி வந்துதான் பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்க்க வேண்டும், முதல் ஆலாத்தியும் அவர்தான் எடுக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பினால் கணவர் பக்கத்தில் ஒருவரும் மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். இது மச்சாளுக்கும் தெரியும். அதனால் வந்து இறங்கும்போதே, மகாராணி வந்ததுபோலத்தான் இறங்கினார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. சிநேகிதிப் பிள்ளை கடைசிப் பயிற்சிக்கு வந்திருந்தாள். குசினியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மச்சாள் பலகாரம் அடுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை எவ்விடம்?"

"வில்லியே லே பெல், அன்ரி."

மச்சாள் சிரித்தார். "உங்கையில்லையடி. ஊரிலை. அப்பா அம்மா ஊரிலை எவ்விடம்?"

இந்தக் கேள்வியை வெளியாள் யாராவது கேட்டால், ஏதோ பழைய ஊர்ப் பாசம் என்று நினைப்பார்கள். பாசமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. ஊர் தெரிந்தால் பக்கம் கேட்கலாம். பக்கம் தெரிந்தால் ஒழுங்கை கேட்கலாம். ஒழுங்கை தெரிந்தால் எந்தக் கோயிலடி என்று கேட்கலாம். நான்கு கேள்வியில் எதிரே இருப்பவர் என்ன சாதி என்பதை, அந்தச் சொல்லை வாயில் எடுக்காமலே, எங்கள் ஆட்கள் எடுத்துவிடுவார்கள். காவல்துறைக்காரன்கூட இவ்வளவு பக்குவமாக விசாரிக்க மாட்டான். லா சப்பலில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே கேட்பார்கள். கலியாண வீட்டில் பந்தியில் சோறு போட்டுக்கொண்டே கேட்பார்கள். கேட்டுவிட்டு, "அப்பிடியோ" என்பார்கள்.

பிள்ளை ஊர்ப் பேரைச் சொன்னாள். தன்னைப் பற்றி ஒரு பெரியவர் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று முகமெல்லாம் சந்தோசம்.

"அங்கை எந்தப் பக்கம்?"

அது அவளுக்குத் தெரியவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவருக்குச் சரியான பதில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை அவள். "பொறுங்கோ அன்ரி, அம்மாட்டைக் கேக்கிறன்" என்று கறி படாத கையால் போனை எடுத்தாள். தாயின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அம்மா, ஊரிலை எங்கடை ஒழுங்கை எது? எந்தக் கோயிலுக்குக் கிட்ட? இஞ்சை ஒரு அன்ரி கேக்கிறா."

லைன் அறுந்துவிட்டது என்று பிள்ளை போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு தாய் சொன்னார். ஒழுங்கையின் பேரைச் சொன்னார், கோயிலின் பேரைச் சொன்னார். பிள்ளை அதை அப்படியே, வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல, மச்சாளுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அப்பிடியோ. சரி பிள்ளை, நீ சாப்பிடு" என்றார் மச்சாள்.

நான் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ மச்சாள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பேரெடுத்தவள் நான். தேங்காய் துருவினேன். சிரட்டை வரும்வரை துருவினேன்.

பின்னேரம் பிள்ளை போன பிறகு மச்சாள் கதவைச் சாத்தினார்.

"உமக்கு உண்மையாவே தெரியாதோ, இல்லாட்டி தெரியாத மாதிரி நடிக்கிறீரோ? உவையின்ரை பெட்டையைச் சபையிலை தட்டுப் பிடிக்க விடப்போறீரோ? அவளோடை கையைக் கோத்துக்கொண்டு உம்மடை மகள் மேடையிலை ஆடப்போறாளோ?"

"சின்னப் பிள்ளையள், மச்சாள். ஏதோ ஜப்பான் பாட்டுக்கு..."

"ஜப்பானோ சீனமோ, பார்க்கிறது எங்கடை ஊர்ச் சனம். வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும், ஆர் வேண்டாமெண்டது? ஆனா அவள் மேடையிலை ஏறினால் நான் இறங்கிப் போடுவன். முதல் தண்ணியை வேறை ஆரையும் கொண்டு வார்ப்பியும்."

கணவரைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். "நீர் அக்காவோடை கொழுவாதையும்" என்றார். அதுதான் அந்த வீட்டுத் தலைவர் வழங்கிய தீர்ப்பு.

மச்சாள் ஜெர்மனியில் ஆஸ்பத்திரி நிலம் துடைக்கிறவர். துருக்கிக்காரியோடும் போலந்துக்காரியோடும் ஒரே அறையில் உடுப்பு மாற்றி, ஒரே கோப்பையில் கோப்பி குடிக்கிறவர். என் கணவர் வெள்ளைக்காரன் தின்ற கோப்பை கழுவித்தான் குசினியில் நிமிர்ந்தவர். நான் வந்த புதிதில் வீடு வீடாகக் கக்கூஸ் கழுவினேன். அங்கெல்லாம் எங்களை யாரும் எவ்விடம் என்று கேட்கவில்லை. பப்பியே, அதுதான் வதிவிடப் பத்திரம், இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்த நாள் போனை எடுத்தேன்.

சிநேகிதியின் தாய்க்கு எடுத்து, மண்டபத்தில் நேரம் போதாமல் நிகழ்ச்சிகளைக் குறைத்துவிட்டோம், பிள்ளைகளின் ஆட்டம் இல்லை, தட்டுப் பிடிக்கவும் சொந்தக்காரப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், நீங்கள் கட்டாயம் சாப்பாட்டுக்கு வாங்கோ என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். "ஓம், விளங்குது" என்று மட்டும் சொன்னார் அவர். மகளிடம் வேறு கதை விட்டேன். சிநேகிதிக்குக் காய்ச்சலாம், தாய் இப்போதுதான் சொன்னார், பாவம், பிள்ளைக்கு எழும்பவே ஏலாதாம் என்றேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றாள். அழவில்லை, கத்தவில்லை. பரவாயில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இருவரிடமும் கைபேசி இருந்தது. இரண்டு அறை வீட்டில், கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும்.

விழா திறமாக நடந்தது. மச்சாள் தண்ணீர் வார்த்தார், ஆலாத்தி எடுத்தார், ஒவ்வொரு படத்திலும் முன்னுக்கு நின்றார். மகள் சொன்ன சொல் தவறவில்லை. சேலை கட்டினாள். நகை போட்டாள். வீடியோக்காரர் சிரிக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் பல்லுத் தெரியச் சிரித்தாள். வில்லியே லே பெல்லில் இருந்து யாரும் வரவில்லை. கேக் வெட்டி முடிய, உடுப்பு மாற்றப் போன பிள்ளை மூன்றாவது சேலைக்குப் பதிலாக அந்த மஞ்சள் சட்டையோடு வந்து மேடையில் ஏறினாள். பாட்டுப் போடுகிற பெடியனிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். கேக் பாட்டு தொடங்கியது.

மகள் மேடையின் இடது பக்கத்தில் போய் நின்றாள். கட்டைமயிர்க்காரியின் வரிக்குத் துள்ளி ஆடினாள். அடுத்த வரி வந்தபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கைகளைக் கீழே தொங்கவிட்டு, வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒருவரும் இல்லை. அந்த வரி முடியும்வரை அப்படியே நின்றாள். பிறகு தன் வரிக்கு ஆடினாள். மறுபடியும் நின்றாள். கையைக் கோத்துச் சுற்றுகிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு தனியாகச் சுற்றினாள். முதலில் சனம் சிரித்தது. பிள்ளை ஆட்டத்தை மறந்துவிட்டது என்று யாரோ கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அவள் அப்படியே நிற்க, கைதட்டு நின்றுவிட்டது. நானூறு பேர் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அக்கா, மற்றப் பிள்ளை எங்கை?"

முன்வரிசையில் மச்சாள் தன் காப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டு முடிய மகள் சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்து நகைகளைக் கழற்றும்போது நான் தொடங்கினேன். சபையில் என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். மாமி சொன்னதைக் கேட்டுவிட்டுத்தானே இந்த வேலை பார்த்தாய் என்றேன். மாமியில் கோபம் என்றால் மாமியிடம் காட்டியிருக்க வேண்டியதுதானே என்றேன். அவள் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். என்னோடு தமிழில் வாய் திறக்காத பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"மாமியிலை எனக்குக் கோவம் இல்லை. மாமியை எனக்கு மூண்டு நாளாத்தானே தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக வில்லியே லே பெல்லுக்குப் போனேன். ரயிலில் போய், பஸ் பிடித்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக. அதுவரை அவர்கள்தான் வருவார்கள், நான் போனதில்லை. அது ஏன் என்பதும் பஸ்ஸில் இருக்கும்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்த தாய் ஆச்சரியப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தினார், தேத்தண்ணி போட்டுத் தந்தார். பிள்ளை வாசிகசாலைக்குப் போய்விட்டாள் என்றார். மன்னிப்புக் கேட்க வந்தவள், மண்டபத்தில் நேரம் போதாமல் போன கதையை மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். அவர் இடையில் கையைக் காட்டினார்.

"விடுங்கோ. பிள்ளை போன் எடுத்து ஒழுங்கையைக் கேக்கேக்கையே எனக்கு விளங்கீட்டுது. வேறை ஒரு இடத்தைச் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு முன்னாலை ஏன் பொய் சொல்லுவான் எண்டு உள்ளதைச் சொன்னனான்."

கொண்டுபோன பலகாரப் பெட்டியை நான் மேசையில் வைத்தேன்.

"அவள் இஞ்சை பிறந்தவள். உதொண்டும் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே வளர்த்துப்போடலாம் எண்டு இருந்தனான். நாட்டை விட்டு வந்ததிலை எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். உங்கடை மகள் எல்லாத்தையும் போனிலை சொன்ன அண்டைக்கு இவள் என்னட்டை வந்து கேட்டவள், 'அம்மா, நாங்கள் என்ன ஆக்கள்?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னனான். கேட்டால் சொல்லத்தானே வேணும்." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். "அதுக்கு அழேல்லை. இன்னொண்டு கேட்டவள். 'அன்ரிக்கு முதலே தெரியுமோ, இல்லாட்டி அந்த ஜெர்மனி அன்ரி சொல்லித்தான் தெரியுமோ?' எண்டு. தெரியாமல் இருந்திருக்கும், தெரிஞ்ச பிறகுதான் அன்ரி மாறினவ எண்டு அவளாவே சொல்லுறாள். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பதிலுக்காகப் பார்த்தார். யாரும் யாரையும் விசாரிக்காத அந்தத் தெருவில், அவர் பக்கத்தில் வந்து இருந்து கதைக்கத் தொடங்கிய முதல் நாளே நான் மோப்பம் பிடித்துவிட்டேன். எங்களுக்கு அந்த மூக்கு உண்டு. தெரிந்துகொண்டுதான் மூன்று வருடம் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டேன், தெரிந்துகொண்டுதான் சட்டை தைத்தேன்.

"முதலே தெரியும்" என்றேன்.